குனிந்த முத்திரை

இசோகாய் தோக்கிகோ முப்பத்தொரு வருடம் மனநல ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். ஓய்வு பெற்று அக்கடா என்று கிடந்தவளைத் திகில் படக்காரர்கள் கூட்டி வந்துவிட்டார்கள். கட்டிலில் நோயாளியை எப்படிக் கட்டுவது, ஊசியை எப்படிப் பிடிப்பது என்று செய்துகாட்ட வேண்டும், அவ்வளவுதான். படத்தில் பேய் கிடையாது. சிரித்த முகமாய் ஒரு டாக்டர், "வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும் ஒரு நோயாளி.

"பேயே இல்லாம பயமா? யாரு காதுல பூ சுத்துறீங்க?" என்று முதல் நாள் கேலி பேசினாள். இரண்டாம் நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். ஜப்பானில் கையெழுத்துக்குப் பதில் பெயர் முத்திரைதான். படத்துக்காகச் செய்த நோயாளிக் குறிப்பில் டாக்டரின் பெயர் முத்திரைக்குப் பக்கத்தில் நர்ஸின் முத்திரை நேராக இருந்தது.

"இப்படி வெறப்பா நிக்கக் கூடாது, தம்பி. டாக்டர் முத்திரைப் பக்கமா கொஞ்சம் சாயணும். அவருக்குத் தலை குனிஞ்ச மாதிரி," என்று இயக்குநரிடம் சொன்னாள்.

இயக்குநர் குரிமோட்டோ துள்ளிக் குதித்தார். "அடேங்கப்பா, இதுதான் பயம்! நீங்களே வச்சிடுங்க, இசோகாய் அம்மா. உங்க கையை மட்டும் படம் எடுக்கிறோம்."

நோயாளியாக நடித்த மினாசே, கட்டுகளோடு கட்டிலில் கிடந்தபடியே கேட்டாள்: "நிஜத்துல நோயாளி வேண்டாம்னு சொன்னா என்ன எழுதுவீங்க?"

"'ஒப்புக்கொண்டார்'னு எழுதுவோம்."

"வேண்டாம்னு சொன்னதுக்கா?"

சின்னப் பெண், தெரியாமல்தான் கேட்டாள்.

தோக்கிகோவின் வார்டில் உசாமி என்று ஒரு நோயாளி இருந்தார். முடிதிருத்துபவர். அந்த மருந்து சாப்பிட்டால் கை நடுங்குகிறது, கத்தரி பிடிக்க முடியாமல் போய்விடும், வேண்டாம் என்று தினமும் கெஞ்சினார். ஒருநாள் அவள் டாக்டரிடம், "அவர் சொல்றதை எழுதட்டுமா?" என்று கேட்டாள். "எழுதி? யாரு படிக்கப் போறா?" என்று அவர் சிரித்தார். அவளும் 'ஒப்புக்கொண்டார்' என்றே எழுதி, முத்திரையைச் சாய்த்து வைத்தாள். ஒரு நாளா, இரண்டு நாளா? நாலு வருடம். வீட்டுக்குப் போகும்போது அந்த மனிதருக்குச் சாப்பிடும் குச்சிகூடக் கையில் நிற்கவில்லை. அப்போதும் இடுப்பு வரை குனிந்து, "உங்களுக்கு ரொம்பச் சிரமம் கொடுத்துட்டேன், மன்னிக்கணும்" என்றார். அவர் கேட்டார் மன்னிப்பு! இதை அவள் பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை.

கேமரா ஓடியது. தோக்கிகோ பேனாவை எடுத்து, "உசாமி. மருந்து வேண்டாம் என்றார்" என்று எழுதினாள். முத்திரையை நேராக வைக்கத்தான் நினைத்தாள். பாழாய்ப்போன கை, பழக்கத்தில் சாய்த்துவிட்டது.

"அருமை!" என்றார் குரிமோட்டோ.

"இல்ல தம்பி, தப்பாயிடுச்சு. இன்னொரு தடவை வைக்கிறேன்."

"எதுக்கு? எழுத்து மங்கலாத்தான் தெரியும். யாரு படிக்கப் போறா?"

அந்த டாக்டர் கேட்ட அதே கேள்வி. யாரையும் கேட்காமல் இன்னொரு தாளை இழுத்து, அதையே எழுதினாள். இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முத்திரையை அழுத்தினாள். நேராக விழுந்தது. குரிமோட்டோ மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு, முதலில் எடுத்ததே போதும் என்று உதவியாளரிடம் முணுமுணுத்தார்.

கட்டவிழ்த்து எழுந்து வந்த மினாசே அந்தத் தாளை எடுத்துப் படித்தாள்.

"உசாமியா? கதையில அப்படி யாரும் இல்லையே. யாரு இது?"

அறை நிறைய ஆட்கள். தோக்கிகோ முத்திரையை மேசைமேல் வைத்தாள்.

"நான் பொழப்பைக் கெடுத்த மனுஷன்," என்றாள்.