வெயிலில் எழுதிய பனி

லண்டன் குரோய்டன் ரயில் நிலைய வாசலில் கிறிஸ்துமஸ் பேண்டு வாசிக்கிறது. பனியில் குதிரை வண்டி ஓடுவது போன்ற இசை. முடிவில் ட்ரம்பெட் குதிரையாகக் கனைக்க, குழந்தைகள் சிரிக்கிறார்கள். ஊதியவர் மன்னார்க்காரர். இடைவேளையில் தேநீரோடு என் பக்கத்தில் வந்து நிற்கிறார்.

"ஊரிலை நான் செத்தவீட்டுக்குத்தான் ஊதுறனான், அண்ணை. பெட்டிக்கு முன்னாலை நடந்துகொண்டு."

"இங்க எல்லாரையும் சிரிக்க வைக்கிறீங்களே!"

அவர் சிரிக்கவில்லை. தாயை அடக்கம் செய்துவிட்டதாக நேற்றுத்தான் கடிதம் வந்ததாம். அகதி வழக்கு இந்த ஊர் அலுவலகத்தில் கிடக்கிறது. ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது.

"இன்னைக்கு வராம இருந்திருக்கலாமே?"

"இந்தப் பனிப் பாட்டை எழுதின மனுசன் ஆடி மாசத்துக் கொதிவெயிலிலை, தண்ணிக் குழாய் தேடி நிலம் கிண்டேக்கைதான் மெட்டை யோசிச்சவராம். பேண்டு மாஸ்டர் சொன்னவர். அந்த வெயிலுக்கை அவருக்குப் பனி வந்ததெண்டால், இந்தத் துக்கத்துக்கை எனக்கும் இது வரும்."

மாஸ்டர் கையை உயர்த்துகிறார். மறுபடியும் அதே இசை. முடிவில் குதிரை கனைக்கிறது, குழந்தைகள் சிரிக்கிறார்கள். வரிசையை விட்டு விலகி, இசை முடிந்தும் ஊதியபடியே, மன்னார்க்காரர் மெல்ல நான்கடி முன்னால் நடக்கிறார்.