அடுத்த கட்டிலில் எபி அண்ணன்

புதன்கிழமை காலை டயாலிசிஸுக்குப் போனபோது பக்கத்துக் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார். "எபி அண்ணன் எங்கே?" என்று டெக்னீஷியனைக் கேட்டேன்.

"நேத்து மத்தியானம் வூட்லயே போயிட்டாருண்ணா. நெஞ்சு வலின்னாராம்" என்றவர், பிறகு என் கையில் ஊசியைக் குத்தினார். நான்கு மணி நேரம் நகர முடியாது. பிள்ளைப்பாக்கத்தில் அவரை அடக்கம் செய்தபோது நான் டயாலிசிஸ் கட்டிலில்தான் படுத்திருந்தேன்.

ஒரகடம் தொழிற்சாலையில் எபிநேசர் அண்ணனோடு வேலை பார்த்து, இப்போது இதைப் படிக்கும் நீங்கள் அவரைக் கடுகடுப்பான குவாலிட்டி இன்ஸ்பெக்டராக அறிவீர்கள். எனக்கு அவரைப் படுத்த நிலையில்தான் தெரியும். வாரம் மூன்று நாள், இரண்டு வருடம்.

முதல் நாள் சுவரிலிருந்த சிறுநீரகப் படத்தை வெறித்துக்கொண்டிருந்தேன். "இன்னா பாக்குற? வெளி ஓரமா கீது பாரு, அங்கதான் வடிகட்டி. ஒரு கிட்னில பத்து லட்சம் வடிகட்டி கீது" என்றார். "ரத்தம் வந்ததும் அணுவையும் புரதத்தையும் மட்டும் நிறுத்திக்கும். தண்ணி, உப்பு, சர்க்கரை, கழிவு, எல்லாத்தையும் குழாய்ல தள்ளிடும். அப்புறம் அந்தக் குழாய் வழியிலேயே வேணுங்கறத திருப்பி எடுத்துக்கினு இருக்கும். நல்ல பீஸையும் ரிஜெக்ட்ல போட்டுட்டுப் பொறுக்குது! என் லைன்ல எவனாவது இப்டி செஞ்சா தொலைச்சிடுவேன்."

அப்படித்தான் அது நாளொன்றுக்கு நூற்றெண்பது லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டரை மட்டும் சிறுநீராக அனுப்புகிறது என்று பிறகு டாக்டர் சொன்னார். எங்களுக்கு அந்த வேலையை இயந்திரம் அரைகுறையாகச் செய்தது.

சங்கரன்கோவிலிலிருந்து அம்மா கூப்பிடும்போதெல்லாம், "கம்பெனியில ஓவர்டைம்ல இருக்கேம்மா, பெறவு பேசுதேன்" என்பேன். இயந்திரத்தின் சத்தத்தைத் தொழிற்சாலை என்று நம்பி அவளே வைத்துவிடுவாள். போன திங்கள்கிழமை அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"கெட்ட பீஸ மறைச்சி அனுப்புறவன புடிக்கறதுதான் எனக்கு வேலையே. வூட்டுக்குச் சொல்லுடா."

"அம்மா தாங்க மாட்டாண்ணே."

"நீ தனியா தாங்கிகினு இன்னாத்த சாதிச்ச?"

கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போகும்போது அவர் என் காலைத் தட்டினார். நான் தூங்குவதுபோல் கிடந்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் மீதே வெறுப்பாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை டெக்னீஷியன் என் படிவத்தைத் திருத்தச் சொல்லி நீட்டினார். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண்ணாக நான் எழுதியிருந்தது எபி அண்ணனுடையது. இந்த ஊரில் எனக்கு வேறு எண் இல்லை. நான் தங்கியிருக்கும் சுங்குவார்சத்திரத்து அறையில் இருப்பவர்களுக்கு என் ஊர்ப் பெயர்கூடத் தெரியாது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த அதட்டலைத்தான். அது காதில் இருந்ததால் அவர் எண்ணை அடித்துவிட்டு அம்மாவின் எண்ணை எழுதினேன். எழுதியதும், ஊசி குத்திய கையை அசைக்காமல் மறுகையால் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஆஸ்பத்திரியில இருந்து பேசுதேம்மா. ரெண்டு கிட்னியும் போயிட்டு."

"எப்பருந்துடா?" என்றாள்.

"ரெண்டு வருசமா."

இயந்திரம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. இந்த முறை அவள் போனை வைக்கவில்லை.