கேட்டுக்கு அடித்த பச்சை

“மார்ச் 11. தின்னரில் நனைத்த துணி வைத்துப் பார்த்தது. பானட்: ஒன்றும் ஆகவில்லை. கூரை: ஒன்றும் ஆகவில்லை. நான்கு கதவுகளின் அடிப்பகுதி: ஐந்து நிமிடத்தில் பெயிண்ட் சுருங்கியது.”

என் நோட்டில் அன்று இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். அந்த இடங்களில் பெயிண்ட் அடித்தது யார் என்பது ஜோகுபாளையத்துப் பெயிண்ட் ஷெட்டில் நின்ற மூவரில் எனக்கும் மாமாவுக்கும் தெரியும். பெயிண்டருக்குத்தான் தெரியாது.

மாமா என் அக்காவின் கணவர். கார் அவர் செகண்ட் ஹேண்டில் வாங்கியது, பச்சை நிறம். ரிச்சர்ட்ஸ் டவுனில் அவர்கள் வீட்டுக் கேட்டுக்கும் பிறகு அதே பச்சையை அடித்தார்கள். வருடாவருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் கேட்டுக்கு எனாமல் பெயிண்ட் அடிப்பது அக்காவின் வேலை. வேறு யாரையும் பிரஷ்ஷைத் தொட விடமாட்டாள். டப்பாவில் மிச்சமிருப்பதை வீணாக்க மனம் வராது. அப்படியே காருக்கு வந்து, கதவுகளின் அடியில் துரு தெரிந்த இடத்திலெல்லாம் தடவிவிடுவாள். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் தெரியாது என்பாள். பத்தடி தள்ளி நின்றாலும் தெரியும். யாரும் சொன்னதில்லை.

போன மே மாதம் அக்கா இறந்துவிட்டாள். டிசம்பரில் கேட்டுக்கு யாரும் பெயிண்ட் அடிக்கவில்லை. துரு காரின் கதவுகளைத் தின்ன ஆரம்பித்திருந்தது. ரெஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்க இந்தக் கோலத்தில் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள். அதனால்தான் இந்த ஷெட்டுக்கு வந்தோம்.

பெயிண்டருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சுருங்கிய இடத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். “எவன் சார் இத அடிச்சது? கேட்டுக்கு அடிக்கிற பெயிண்ட்டு இது.”

“என் வீட்டம்மா,” என்றார் மாமா.

பெயிண்டர் கையிலிருந்த துணியை நான்காக மடித்தார். “தப்பா எடுத்துக்காதீங்க சார். அம்மா துருவ நல்லாத்தான் புடிச்சு வெச்சிருக்காங்க. இல்லன்னா இந்நேரம் கதவு ஓட்டையாயிருக்கும்.”

பிறகு விளக்கினார். கம்பெனியில் அடித்த பெயிண்ட் சூட்டில் வேகவைத்தது, தின்னருக்கு அசையாது. எனாமல் வருடக் கணக்கில் காய்ந்திருந்தாலும் தின்னர் பட்டதும் இளகி ஊதும், மேலே அடித்ததையும் சேர்த்துத் தூக்கிவிடும். எங்கெல்லாம் சுருங்கியதோ அங்கெல்லாம் தகடு வரை சுரண்டி எடுக்க வேண்டும்.

மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. அக்கா அடித்தது அடியில் அப்படியே இருக்கட்டும், மேலே ஏதாவது போட்டு மூட முடியாதா என்று கேட்டார். சீலர் போடலாம், சில சமயம் நிற்கும், ஆனால் வாக்குக் கொடுக்கமாட்டேன் என்றார் பெயிண்டர். முழுக் காரையும் பணயம் வைக்காமல், பின்கதவின் அடியில் உள்ளங்கையளவு இடத்தில் மட்டும் சீலர் அடித்தார். ஒரு மணி நேரம் காயவிட்டு, 11.40க்கு மேலே புதுப் பச்சையை அடித்தார். வழுவழுவென்று உட்கார்ந்தது. மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். டீ வந்து, குடித்து முடிப்பதற்குள் ஓரத்தில் மடிப்பு விழுந்தது. பன்னிரண்டு மணிக்கு அந்த இடம் முழுவதும் ஆட்டுக் குடல் போல ஆகியிருந்தது.

மாமா குனிந்து தொட்டார். புதுசும் பழசும் சேர்ந்து விரலோடு வந்தன. வேஷ்டியில் துடைக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார்.

“எடுத்துடுங்க மேஸ்திரி,” என்றார். “அவ அடிச்சத இப்படிப் பாக்க முடியல.”

அடுத்த மூன்று நாளும் தேய்ப்புதான். எமரி ஷீட் போட்டுத் தேய்த்த ஓரங்களில் ஒவ்வொரு வருடத்துப் பூச்சும் ஒரு வளையமாகத் தெரிந்தது. கடைக்காரர் ஒரு வருடம் கலந்த பச்சையை மறுவருடம் கலந்ததில்லை. முன்கதவில் பதினொன்று எண்ணினேன். மாமா கணக்குப்படி அந்தக் கார் வீட்டில் பதினான்கு கிறிஸ்துமஸ் பார்த்தது. கடைசி டிசம்பரைக் கழித்துவிடலாம், அக்கா இல்லை. அதற்கு முந்தையதில் அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தாள். மீதி ஒன்று எங்கே போனதென்று தெரியவில்லை.

பெயிண்ட் அடிக்கும் முன் பெயிண்டர் நான்கு கதவுகளிலும் மறுபடி தின்னர் துணி வைத்துப் பார்த்தார். எதுவும் சுருங்கவில்லை. டிக்கியின் ரப்பரைக் கழற்றியபோதுதான், அதனடியில் விரல் நீளத்துக்குப் பழைய எனாமலில் ஒரு பிரஷ் கோடு இருந்ததைக் கண்டு மாமாவுக்கு போன் செய்தார். அதன்மேல் டேப் ஒட்டிவிட்டால் புதுப் பெயிண்ட் படாது, பிறகு ரப்பர் மறைத்துவிடும், அப்படியே விட்டுவைக்கலாமா என்று கேட்டார். மாமா வைக்கச் சொன்னார்.

29ஆம் தேதி கார் வீடு வந்தது. மாமா டிக்கியைத் திறந்து, ரப்பரை விலக்கிப் பார்ப்பதை இரண்டு முறை கண்டிருக்கிறேன்.

நானும் ஒரு முறை பார்த்தேன். அக்கா கேட்டானாலும் கதவானாலும் மேலிருந்து கீழாகத்தான் இழுப்பாள். இது குறுக்கே இழுத்த கோடு. காரை முன்பு வைத்திருந்தவர் அடித்ததாகவும் இருக்கலாம். அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மாமாவிடம் இதைச் சொல்லவில்லை. அந்தக் கோடு அக்கா போட்டதுதானா என்பது இதை எழுதும் வரை உறுதிப்படவில்லை.