இரண்டாவது ஊசி

கொரோனா தடுப்பூசி இரண்டும் போடாதவர்கள் உள்ளே வரக்கூடாது என்று எங்கள் கடை வாசலில் ஒட்டியிருந்த தாளை எழுதியவன் நான்தான். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் சிவப்பு மார்க்கரால் கொட்டை எழுத்தில் எழுதினேன். ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் இருந்த அந்த மளிகைக் கடைக்கு அப்போது நான் மேனேஜர். அதிகாரிகள் வந்து எச்சரித்துவிட்டுப் போன மறுநாளே முதலாளி பாய் சொல்லிவிட்டார்: "கஸ்டமரோ, வேலை செய்றவங்களோ, சர்டிபிகேட் இருந்தாத்தான் உள்ள விடணும்." எனக்கு முழுச் சம்மதம். சொல்லப்போனால் பாயைவிட நான்தான் அதிகம் துள்ளினேன்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு தினமும் சண்டை போட்டேன். கடை நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் நெல் பயிரிட்ட குடும்பத்துப் பெரியவர் ஒருவர், "எங்க நெலத்துல குந்திகினு எங்களையே தடுக்கிறியா? ஊசி போட்டுக்கறதும் போட்டுக்காததும் என் இஷ்டம்யா!" என்று எகிறினார்.

"உங்க இஷ்டம் உங்க வீட்டோட சார். இது நாலு பேர் வந்து போற இடம்" என்றேன். பின்னால் நின்றவர்களில் சிலர் தலையாட்டினார்கள். சிலர் அவர் பக்கம் சேர்ந்து முணுமுணுத்தார்கள். அவர் பையைச் சுருட்டிக்கொண்டு போனபோது எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஆனால் சிக்கல் கடைக்குள்ளேயே இருந்தது. பருப்பும் ரவையும் எடை போட்டு பாக்கெட் கட்டும் அக்கா ஒருவர், என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர், முதல் ஊசியோடு நின்றுவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு நான்கு நாள் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார். கணவர் இல்லை. பத்தாவது படிக்கும் மகள் மட்டும்தான். சனிக்கிழமைக்குள் போடாவிட்டால் வேலை இல்லை என்று பாய் கெடு வைத்தார். அதைச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"நான் படுத்துட்டா வூட்ல யாரு சார் கீறா?" என்றார் அக்கா. "ஊசியே போடாம சர்டிபிகேட் வாங்கித் தர்றேன்னு பக்கத்து வூட்டுக்காரரு சொல்றாரு. அந்தப் பொழப்பு எனக்கு வேணாம் சார்." பிறகு என் முகத்தையே பார்த்துக் கேட்டார். "நீங்க ரெண்டாவது போட்டுக்கினப்ப இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமே ஆகலக்கா."

போட்டுக்கொண்டால்தானே ஆவதற்கு? நான் போட்டுக்கொள்ளவே இல்லை. பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமுக்குப் போனேன், ஆதார் எண்ணைப் பதிந்தார்கள், உட்காரச் சொன்னார்கள். அதற்குள் கடையில் லோடு வந்துவிட்டதென்று போன் வர, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து வந்துவிட்டேன். சாயங்காலம் போனில் செய்தி வந்தது: இரண்டாவது தவணை வெற்றிகரமாகச் செலுத்தப்பட்டது. உண்மையைச் சொன்னால் சந்தோஷப்பட்டேன். முதல் ஊசிக்கு எனக்கும்தான் காய்ச்சல் வந்திருந்தது. சான்றிதழை லேமினேட் செய்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"அப்ப உங்கள நம்பிப் போட்டுக்கறேன் சார். ஆனா நீங்க கூட வரணும்" என்றார் அக்கா.

வெள்ளிக்கிழமை அதே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார். உதடு ஏதோ சாமி பேரை முணுமுணுத்தது. ஊசி போட்டுக்கொண்டு அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்ததும், பதிவு செய்யும் பெண்ணிடம் குனிந்து, "எனக்கும் ரெண்டாவது போட்டுடுங்க மேடம்" என்றேன்.

அவர் என் எண்ணைத் தட்டிப் பார்த்தார். "உங்களுக்கு ரெண்டும் முடிஞ்சுதுன்னு காட்டுது சார்."

"போடல மேடம்."

"போடாம எப்படி சார் சர்டிபிகேட் வரும்?" அந்தக் குரல் வகுப்பறை முழுக்கக் கேட்டது. "இன்னொரு வாட்டி ஏத்த முடியாது. நெக்ஸ்ட்!"

திரும்பினேன். அக்கா பஞ்சைக் கையில் அழுத்தியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஷேர் ஆட்டோவில் எனக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்து வந்தார்.

மறுநாள் அவர் வரவில்லை. காய்ச்சலாம், மகள் போன் செய்தாள். பாயிடம் சொல்லிவிடலாமா என்று இரண்டு முறை அவர் அறை வரை போய்த் திரும்பினேன். எனக்கும் வேலை வேண்டும். நான் அவ்வளவு கோழை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை காலையில் வரிசையில் ஏழெட்டுப் பேருக்குப் பின்னால் அக்கா நின்றார். வேலை செய்பவர்கள் பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் வருவார்கள். அவர் வரிசையிலேயே நின்று, தன் முறை வந்ததும் சான்றிதழை நீட்டினார். முகம் வாடி, கண் உள்ளே போயிருந்தது.

"சரிக்கா, போங்க" என்றேன்.

அவர் நகரவில்லை.

"உங்களுதக் காட்டுங்க சார்" என்றார்.

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் கை சட்டைப் பை வரை போய் நின்றுவிட்டது. அக்கா அந்தக் கையைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். நான் நாற்காலியிலிருந்து எழுந்து, நானே எழுதி ஒட்டிய தாளைத் தாண்டி, படியிறங்கி வெளியே நின்றேன்.