அணையாத மஞ்சள் விளக்கு

ஓசூரில் குடியேறி எட்டு வருடம் கழித்து ஒரு பழைய கார் வாங்கினோம். அது இரண்டாயிரத்து எட்டாம் வருடம் என்று நினைவு. மூன்றாம் மாதமே மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. இராயக்கோட்டை சாலையில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக், ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, புகைக் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்றார். புதியது போட்டதும் விளக்கு அணைந்தது. உத்தனப்பள்ளி தாண்டுவதற்குள் மறுபடி எரிந்தது. இன்னொரு சென்சாரும் போட்டார். அதுவும் அதே கதைதான்.

கடைசியில் வண்டியின் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும் என்றார். கணவர் தலையாட்டிவிட்டு வந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

நான் வண்டிகளுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். மல்டிமீட்டர் என்ற சோதனைக் கருவியின் இரு முனைகளையும் ஒயரின் இரு நுனிகளில் வைத்தால், உள்ளே கம்பி அறாமல் இருந்தால் 'பீப்' என்று கத்தும். நாள் முழுக்க அதுதான் வேலை. ஆனால் அந்த ஒயர்கள் காருக்குள் எங்கே போய் உட்காருகின்றன என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

ஒவ்வொரு முறையும் விளக்கு எரிய ஆரம்பித்தது நல்ல சாலையில் அல்ல, குலுக்கலில்தான் என்பது யோசித்தபோது பிடிபட்டது. மேல்தோல் நன்றாக இருந்து உள்ளே கம்பி அறுந்த ஒயர்களை எங்கள் மேஜையில் பார்த்திருக்கிறேன். நேராகக் கிடந்தால் கத்தும், மடக்கினால் நின்றுவிடும். இதைச் சொன்னதும் கணவர் தயங்கினார். தொழில் தெரிந்தவரிடம் போய் நாம் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வார் என்றார். நான் மல்டிமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஷெட்டில் மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"ஒயரைப் பாத்தீங்களாண்ணே?"

"ஒயருக்கு என்னம்மா ஆவும்? தோலு நல்லாத்தான கீது."

இருந்தாலும் மறுக்கவில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, சென்சார் பக்கமும் கம்ப்யூட்டர் பக்கமும் இணைப்புகளைப் பிரித்துக் கொடுத்தார். கணவர் உள்ளே உட்கார்ந்து மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கம்ப்யூட்டர் பக்கம் பிடித்துக்கொண்டார்; மறுமுனையை நான் சென்சார் பக்கம் மாட்டினேன். நான் பானெட்டுக்குள் குனிந்து, நான்கு ஒயர்களையும் ஒவ்வொன்றாக, சாண் சாணாக மடக்கிக்கொண்டே போனேன். மூன்று ஒயர்கள் விடாமல் கத்தின. நான்காவதும் பாதி தூரம் வரை கத்தியது.  கியர்பாக்ஸுக்கு மேலே ஒயர் வளையும் இடத்தில் மடக்கியபோது சத்தம் நின்றது. விட்டேன், கத்தியது. மடக்கினேன், நின்றது.

மெக்கானிக் தானே குனிந்து மடக்கிப் பார்த்தார். தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். பிளேடால் தோலைக் கீறினால், உள்ளே செம்பு பச்சை பூத்து இரண்டாக அறுந்து கிடந்தது.

"ரெண்டு சென்சாரு மாத்துனேன், இதைப் பாக்கலியேம்மா," என்றார். ஈயம் பற்றவைக்கும் கம்பியைச் சூடாக்கி என் கையில் கொடுத்தார். நானே பற்றவைத்து, மேலே ஸ்லீவ் உறை போட்டேன். இணைப்புகளைத் திரும்ப மாட்டி, வண்டியில் பதிவாகியிருந்த பழைய பிழையை ஸ்கேனரால் அவர் அழித்தார்.

உடனே மூவரும் தேன்கனிக்கோட்டை பக்கம் கிளம்பினோம். மெக்கானிக் பின் சீட்டிலிருந்து எங்கள் இருவருக்கும் நடுவே தலையை நீட்டி வண்டியின் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தார். பஸ் ஸ்டாண்டும் வந்துவிட்டது. விளக்கு எரியவில்லை. அங்கே டீ குடிக்கும்போது, நான் என்ன வேலை செய்கிறேன் என்று முதல்முறையாகக் கேட்டார். சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே கொஞ்சம் உயர்ந்து கேட்டது.

திரும்புகையில் பள்ளம் எதையும் ஒதுக்காமல் ஓட்டச் சொன்னேன். கணவர் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றிலும் இறக்கி ஏற்றினார்.