உப்புச் சாலையின் குறுக்கே நின்ற லாரி

எதுவீனா எங்கே போனாலும் லாரியிலிருந்து இறங்கியதும் குதிகாலால் தரையை இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பாள். சாலையில் மட்டுமல்ல, தேவாலயத்தில், சந்தையில், மகன் கல்யாணத்துக்கு எடுத்த மண்டபத்திலும்கூட.

"மதினி, இது ரோடு இல்ல, கல்யாண மண்டபம்" என்றான் கொழுந்தன் நொல்பெர்த்தோ.

"அதுக்கு? அடியில ஒழுங்கா இடிக்கல. பொக்குனு கேக்குது பாருங்க."

அவள் அந்தப் பக்கம் போனதும் அவனும் தட்டிப் பார்த்தான். பொக்கென்றுதான் இருந்தது.

கணவன் செம்புச் சுரங்கத்தில் வேலை பார்க்க, அவள் ஊருக்குத் தண்ணீர் லாரி ஓட்டினாள். அத்தகாமா பாலைவனத்து மலைச்சரிவில் அவர்கள் ஊருக்கு இருந்தது ஒரே சாலை. தகரக்கூரையைப் போல அலையலையாய்க் கிடக்கும். போய்வந்தால் இடுப்பு கழன்றுவிடும். பேருந்துக்காரன் பாதியிலேயே திரும்பிவிடுவான். தார் கேட்டுக் கேட்டு ஊர் சலித்துப்போயிருந்தது. தார் கடற்கரையிலிருந்து மலையேறி வரவேண்டும், வந்தபின் காய்ச்ச வேண்டும்.

கீழே உப்பு ஏரிக்கரையில் ஆலை கழித்துக் கொட்டிய உப்பு குன்று குன்றாய்க் கிடந்தது. அதைக் கரைத்து மண்ணில் தெளித்து, உருளை ஓட்டிய சாலையொன்றை எதுவீனா வேறொரு பள்ளத்தாக்கில் பார்த்துவிட்டு வந்தாள். ஊர்க்கூட்டத்தில் அதுவரை வாய் திறக்காதவள் எழுந்து நின்றாள்.

"தாரு நமக்கு எட்டாது. இது அடுப்பு மூட்டாம ஆக்குற சோறு. ஒரு தடவ போட்டுப் பாப்போமே."

அதிகாரிகள் பாதி வழியில் இருக்கும் ஓடைவரைக்கும் போட உப்பும் ஓர் உருளையும் கொடுத்தார்கள். ஒரு கோடைமழையைத் தாங்கினால் மீதிச் சாலைக்கும் உண்டு. தாங்காவிட்டால் உருளையைத் திருப்பி எடுத்துப்போவார்கள். போட்ட வாரமே ஊரார் மேய்க்கும் லாமாக்கள் மந்தையாய் வந்து சாலையை நக்கின. எதுவீனா துடைப்பத்தோடு ஓடினாள். "விருந்தா வச்சிருக்கு? போங்கடி!"

சாம்பல் புதனுக்கு முந்தைய கார்னிவல் கொண்டாட்டம் தொடங்கும் சனிக்கிழமை விடியும்போது மழை கொட்டியது.

நனைந்த உப்புச் சாலை இளகிவிடும். சும்மா விட்டால் வெயில் பட்டு மறுபடி இறுகும். அதற்குள் சக்கரம் ஏறினால் கிழிந்துபோகும். எதுவீனா லாரியைச் சாலையின் குறுக்கே நிறுத்திவிட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டாள். மேளமும் வீசி விளையாட மாவுப் பொட்டலமும் ஆட்டக்காரப் பெண்களுமாக நொல்பெர்த்தோவின் வண்டி வந்து நின்றது. அவன் கொட்டாமல் மலையடியில் இருக்கும் கீழூரில் கார்னிவல் தொடங்கியதே இல்லை.

"எடுங்க மதினி."

"காயட்டும் கொழுந்தனாரே."

"எப்பக் காயும்?"

"மேகத்தக் கேளுங்க. அவசரம்னா நடந்து போங்க."

"நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள சாம்பல் புதன் வந்துரும்!"

வண்டியிலிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒரு லோடு உப்புக்காக உறவ வெட்டிக்காதீங்க" என்று கத்திவிட்டு வண்டியைக் கிளப்பினான். லாரியின் மூக்குக்கும் பாறைக்கும் நடுவே நுழைந்து போய்விடலாம்; இடம் இருந்தது. அது அவளுக்கும் தெரிந்திருந்தது. எழுந்து வந்து மறிக்கவில்லை. ஈரச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் ஊரிடம் அவள் கேட்டது இந்த ஒன்றைத்தானே என்று அவனுக்குத் தோன்றியது. அதற்காக மேளத்தை விடுவதா? விடை தெரியாமலேதான் சாவியைத் திருப்பினான். வண்டி அணைந்தது.

மேகம் கலையவே இல்லை. காற்று வீசிச் சாலை இறுகியபோது கீழூரில் கடைசி நாள் வழக்கப்படி குழி வெட்டி அந்த வருஷத்துக் கார்னிவல் பொம்மையைப் புதைத்து முடித்திருந்தார்கள்.

எதுவீனா லாரியை ஓரம்கட்டினாள். "உங்களுக்கு ஒரு கார்னிவல் கடன்பட்டுட்டேன். அடுத்த வருஷம் உங்க மேளத்துக்கு நான் ஆடுறேன்."

"நீங்களா?" என்றான். அவள் ஆடி ஊரில் யாரும் பார்த்ததில்லை.

"ஏன், எனக்குக் காலு இல்லையா?"

மீதிச் சாலைக்கும் உப்பு வந்தது. மறுவருஷக் கார்னிவலன்று அவள் அவன் வீட்டு வாசலருகே உப்புநீர் தெளித்துக்கொண்டிருந்தாள். காய்ந்த நாளை விடக்கூடாதாம். அதற்கடுத்த வருஷம் பக்கத்து ஊர்ச் சாலை. "கடன் எங்கயும் ஓடிப்போகாது, போய் மேளத்தக் கொட்டுங்க" என்று அவனை அனுப்பிவைத்தாள். அந்தக் குளிர்காலத்தில் நெஞ்சுச்சளி அவளைக் கொண்டுபோயிற்று.

இப்போது பேருந்து நொல்பெர்த்தோவின் வாசல்வரை வருகிறது. கீழூரில் அவன் கொட்டும்போது பெண்கள் வளையம் கட்டி ஆடுகிறார்கள். மதினி ஆடவேண்டிய ஆட்டம் அவனுக்கு இன்னும் வரவேண்டியிருக்கிறது.