"அப்பா வருவார்" என்ற வசனத்தை வெட்டியவர்

தொலைபேசி வந்தபோது நான் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே ரயில் நிலையத்தில் நின்றிருந்தேன். அங்கே படிக்கும் தமிழ்நாட்டு மாணவர்கள் சிலரைச் சந்தித்துவிட்டுத் திரும்பும் வழி. அழைத்தவர் டோர்ட்மண்டிலிருந்து சூசை. சுகம் விசாரித்து, வானிலை சொல்லி, யாரையாவது ஒருவரைக் கேலிசெய்து முடித்த பிறகே விஷயத்துக்கு வருபவர் அவர். அன்று ஒரே வரியில் முடித்தார்.

"அண்ணை, மெற்றில்டா விடியக்காலமை செத்துப்போனா."

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் காத்திருக்கவில்லை. "வியாழக்கிழமை அடக்கப் பூசை. வாங்கோ. பிள்ளை என்னோடைதான் நிக்கிறாள்."

சூசையின் மனைவி மெற்றில்டா மன்னாரில் பிறந்தவர். எண்பதுகளின் நடுவில் அகதியாக ஜெர்மனிக்கு வந்தார். உணவகமொன்றின் சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டே மொழி படித்தார். பிறகு ஒலித்தொழில்நுட்பத்தில் மூன்றாண்டு அவுஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சியை முடித்து, ரூர் பகுதியில் வெளிநாட்டுப் படங்களுக்கு ஜெர்மன் குரல் கொடுக்கும் ஒரு சிறிய கலையகத்தில் ஒலித்தொகுப்பாளர் ஆனார். நடிகர்கள் பேசிவிட்டுப் போவார்கள். அந்தப் பேச்சை வாயசைவோடு பொருத்தி, கடலையும் காற்றையும் காலடியையும் அதற்கு அடியில் வைப்பது அவருடைய வேலை. தேவாலயத்தில் பார்த்தவர்களுக்கு அவர் அதிகம் பேசாத, பாடல்களில் மட்டும் சத்தமாகக் கலந்துகொள்ளும் ஒரு பெண். அந்தக் கலையகத்தில் அவர் யாராக இருந்தார் என்பதை நம்மில் பலர் அறியமாட்டோம்.

நான் அவரை முதலில் சந்தித்தது 2003ஆம் ஆண்டு, நமது தமிழ் இதழுக்கு ஒரு கட்டுரை எழுதுவதற்காக. அவருடைய அறை ஒரு குளியலறையை விடச் சற்றுப் பெரியது. இரண்டு திரைகளில் ஒரே கார்ட்டூன் படம் ஓடிக்கொண்டிருந்தது. இடப்பக்கத்தில் ஜப்பானிய மொழி, வலப்பக்கத்தில் ஆங்கிலம்.

கலையகத்துக்கு வந்த ஜப்பானியப் படங்களில் பல நேரே ஜப்பானிலிருந்து வந்தவை அல்ல. முதலில் அமெரிக்காவுக்குப் போய் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொண்டு, அந்த ஆங்கிலத்திலிருந்துதான் ஜெர்மனுக்கு வந்தன. வழியில் என்ன மாறியது என்பதை மெற்றில்டா எனக்குக் காட்டினார். ஒரு சிறுமி கையில் வைத்திருந்த சோற்றுருண்டையை ஆங்கிலக் குரல் ரொட்டி என்றது. படத்திலோ அது வெள்ளையாக, பருக்கை தெரியக் கிடந்தது. பெயர்கள் மாறியிருந்தன. ஜப்பானியப் படத்தில் இரண்டு பேர் ஒன்றும் பேசாமல் நடந்து போகும் தெருவில், ஆங்கிலப் படத்தில் அவர்கள் விடாமல் பேசினார்கள். முகம் நமக்குத் தெரியாதபடி ஒருவர் திரும்பி நின்றால் போதும், அந்த முதுகுக்கு ஒரு வசனம் கிடைத்துவிடும்.

"வாய் தெரியாட்டி என்னவும் சொல்லலாம் அண்ணை," என்றார். "யப்பானிலை செத்த ஆள், அமெரிக்காவிலை தூரப் பயணம் போயிருப்பார். எங்களட்டை வந்து சேரேக்கை லீவிலை நிக்கிறார்."

இதை எழுதிக்கொண்டு, ஆங்கிலக்காரர் கெடுத்துவிட்டார்கள் என்று எழுதலாமா என்று கேட்டேன். உடனே மறுத்தார். "அப்பிடி எழுதாதேங்கோ. அதுகளும் வாயசைவுக்குள்ளைதான் சொல்லை அடைக்க வேணும். சிலது எங்களை விட நல்லாச் செய்திருக்கினம்." ஜப்பானிய வழக்கம் தெரியாதவருக்குப் புரியவே புரியாத ஒரு பகிடிக்குப் பதிலாக அவர்கள் வைத்த வேறொரு பகிடியைப் போட்டுக் காட்டினார். எத்தனை தரம் கேட்டிருப்பாரோ, அன்றும் சிரித்தார்.

அடுத்த ஆண்டு வந்த ஒரு படம் அவரை உலுக்கிவிட்டது. ஒரு தீவில் அக்காவும் தங்கையும். புயலுக்குப் பின் அப்பாவின் படகு திரும்பவில்லை. படத்தின் முடிவில் சிறுமிகள் இருவரும் படகு வலித்து முனை தாண்டிப் போகிறார்கள். துடுப்பைத் தூக்கி வைத்துவிட்டுக் கடலைப் பார்க்கிறார்கள். பிறகு படகைத் திருப்புகிறார்கள். அவ்வளவுதான். ஆங்கிலப் பதிப்பில் அந்த இடம் முழுவதும் வயலின்கள். நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் அக்கா சொல்கிறாள்: "பயப்படாதே, அப்பா ஒரு நாள் திரும்பி வருவார்."

மெற்றில்டாவுக்கு இது ஏதோ இடறியது. டுசல்டோர்ஃபில் ஜப்பானியக் கடைகள் இருக்கும் தெருவுக்குப் போய் மூலப் படத்தின் வட்டு ஒன்றை வாங்கி வந்து பார்த்தார். அங்கே வசனமும் இல்லை, வயலினும் இல்லை. அலையும் துடுப்பும் மட்டும்.

"உங்களுக்கு ஜப்பானிய மொழி தெரியாதே?" என்று கேட்டேன்.

"அந்த இடத்துக்கு யப்பான் பாஷை தேவையில்லை. ஒருத்தரும் கதைக்கேல்லையே."

அதன் பிறகு அவர் சொன்னதை நான் அப்போது அச்சில் போடவில்லை. போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இப்போது சூசை சம்மதித்திருப்பதால் எழுதுகிறேன்.

"எனக்குப் பதினொரு வயசு. ஐயா கடலுக்குப் போனவர். வள்ளம் மட்டும் ஒதுங்கினது. சனமெல்லாம் எனக்கு வருவார், வருவார் எண்டு சொன்னதுகள். பாவம், அன்பிலைதான் சொன்னதுகள். ஆனா அழ விடேல்லை அண்ணை. வாயைத் திறந்தால், ஏன் பிள்ளை அழுறாய், ஐயா வருவார்தானே. வாறவருக்கு ஆர் அழுவினம்? நான் ஐயாவுக்கு அழுதது இஞ்சை வந்த பிறகு, ஒரு குசினியிலை கோப்பை கழுவேக்கை."

அந்த வசனம் தம் கையால் இன்னொரு மொழிக்குள் போகக் கூடாது என்று அவர் முடிவு செய்தார்.

சொல்வது எளிது. வசனத்தைப் பதிவு செய்யாமல் விடலாம், ஆனால் வயலினை எடுக்க முடியாது. பேச்சு இல்லாத ஒலித்தடம் ஒன்று படத்தோடு வரும். அமெரிக்காவிலிருந்து வந்த தடத்தில் அலையும் வயலினும் ஒன்றாகக் குழைந்து கிடந்தன. இசையை வெட்டினால் கடலும் போய்விடும். ஆகவே அந்த இடத்துக்கான கடலை அவரே புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. அலையும் காற்றும் கலையகத்தின் சேமிப்பில் இருந்தன. சின்னப் பிள்ளைகள் துடுப்புப் போடும் சத்தம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், டோர்ட்மண்டுக்கு வெளியே உள்ள ஒரு ஏரிக்குச் சூசையைக் கூட்டிப் போனார். வாடகைப் படகில் சூசை வலித்தார். மெற்றில்டா மடியில் பதிவுக் கருவியுடன் எதிரே அமர்ந்தார். அந்தப் பதிவைப் பின்னர் எனக்குப் போட்டுக் காட்டினார். முதலில் துடுப்பு அழகாக விழுகிறது. பிறகு சூசையின் குரல்.

"காணுமே, இவ்வளவு போதுமே?"

"கதைக்காதேங்கோ."

மீண்டும் துடுப்பு. மீண்டும் சூசை. "இது குளத்துத் தண்ணி மெற்றில்டா. கடல் மாதிரி எதிர்க்காது. நான் வேணுமெண்டால் கொஞ்சம் ஓங்கி..."

"ஒரு நிமிசம் வாயை மூட ஏலாதே உங்களுக்கு?"

"வாயாலை நான் வலிக்கேல்லையே."

கரைக்கு வந்து மறுபடி போனார்கள். திரும்பத் திரும்பப் போனார்கள். கடைசியில் சூசை கழுத்துத் துண்டை வாயில் கடித்துக்கொண்டு வலித்தார். அந்தப் படத்தின் ஜெர்மன் பதிப்பில் இரண்டு ஜப்பானியச் சிறுமிகளின் துடுப்புச் சத்தம் சூசையுடையது.

படத்தை வாங்கியவர்கள் வந்து பார்த்து ஒப்புதல் தரும் நாளில் நடந்ததை, பூசையன்று பேர்ண்ட் எனக்குச் சொன்னார். அந்தக் குரல் பதிவை இயக்கியவர் அவர். அந்த நாளில் ஒலித்தொகுப்பாளர் பேசுவது வழக்கமில்லை. பொத்தானை அழுத்திவிட்டு இருக்க வேண்டும். மெற்றில்டா தமது பதிப்பைப் பற்றி முன்பே அவரிடம் சொல்லியிருந்தார். "போடுங்கள், ஆனால் எனக்குத் தெரியாது," என்றாராம் பேர்ண்ட். படத்தை வாங்கியவர்கள் கோபித்தால் வேலை போகக்கூடும் என்பது இருவருக்கும் தெரியும்.

விநியோக நிறுவனத்திலிருந்து வந்த பெண்மணி கடைசிக் காட்சி முடிந்ததும் கையிலிருந்த எழுத்துப் படியைப் புரட்டினார். இங்கே ஒரு வசனம் இருக்க வேண்டுமே என்றார். இசையும் இல்லை. பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். ஏதோ இல்லாதது போல இருக்கிறது.

"ஓம்," என்றார் மெற்றில்டா, ஜெர்மனில். "அப்பா இல்லை."

அந்தப் பெண்மணி இன்னொரு முறை போடச் சொன்னார். அதற்குப் பின் வெளியே போய் நெடுநேரம் தொலைபேசியில் பேசினார். ஒப்பந்தப்படி இசை இருந்தே ஆக வேண்டும், ஆனால் படகு நின்ற பிறகு தொடங்கலாம், வசனம் வேண்டாம் என்று முடிவாயிற்று.

அன்று மாலை மெற்றில்டா என்னை அழைத்தார். "அரைவாசி கிடைச்சது அண்ணை. மிச்ச அரைவாசிக்கு வயலின் வாசிக்கிறாங்கள்." குரலில் வருத்தம் இல்லை. கொத்து ரொட்டிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். பின்னால் சூசை, "துடுப்புப் போட்டவரின்ரை பெயரும் படத்திலை வருமோ எண்டு கேள்," என்று கத்தினார்.

அதற்குப் பின் அவர் பல படங்கள் செய்தார். எல்லாவற்றிலும் இப்படிச் சண்டை போடவில்லை. சோற்றுருண்டை ரொட்டி ஆனதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார். "பசிக்கு எதெண்டாலும் சரி," என்பார்.

சென்ற இளவேனிலில் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. கோடை முடிவதற்குள் மருத்துவர்கள் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்களுடைய ஒரே மகள் ஆன். அவளுக்கு இப்போது பத்து வயது. பார்க்க வந்த நாமெல்லாம் நல்ல மனிதர்கள். பழம் கொண்டுபோனோம், செபம் சொன்னோம், வழக்கமானதைச் சொன்னோம். ஒன்றுமில்லை, சுகமாகி வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். ஆனிடமும் அதையே சொன்னோம். அம்மா வந்துவிடுவா.

நான் போயிருந்த ஒரு பகலில் மெற்றில்டா சூசையை அருகில் அழைத்தார். நான் எழுந்தேன். இருக்கச் சொல்லிக் கைகாட்டினார்.

"ஆனுக்கு நீங்கள்தான் சொல்லவேணும்."

"என்னத்தை?"

"என்னெண்டு உங்களுக்குத் தெரியும். நான் வருவன் எண்டு மட்டும் அவளுக்குச் சொல்லாதேங்கோ. ஆரையும் சொல்ல விடாதேங்கோ."

சூசை சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஏலாது மெற்றில்டா."

"இருவது வரியமாய் வாய் ஓயாமல் கதைச்சனீங்கள். இந்த ஒண்டைச் சொல்ல ஏலாதோ?"

"நீ இருக்கேக்கை நான் எப்பிடியடி..."

"நான் இருக்கேக்கை சொன்னால்தான் அவள் என்னட்டை வந்து அழலாம்."

சூசை அன்றே சொன்னார். பாடசாலையிலிருந்து வந்த மகளை மருத்துவமனைக்கு முன்னால் உள்ள வாங்கில் உட்கார வைத்துச் சொன்னாராம். அம்மா சாகப்போறா. எப்போது என்று ஆன் கேட்டாள். தெரியாது என்றார். வேறொன்றும் சேர்த்துச் சொல்லாமல் இருந்ததுதான் தம் வாழ்க்கையில் செய்த கடினமான காரியம் என்று என்னிடம் சொன்னார். பிள்ளை எழுந்து நேரே மேலே போய், சப்பாத்தைக் கூடக் கழற்றாமல், தாயின் கட்டிலில் ஏறிப் படுத்து அழுதாள். மெற்றில்டா அவளை அணைத்துக்கொண்டார். அழாதே என்று சொல்லவில்லை. அதன் பிறகும் சில வாரங்கள் இருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் ஆன் அங்கேதான் வருவாள். இருவரும் பேசினார்கள், சிரித்தார்கள், சில நாட்களில் அழுதார்கள். அந்த வாரங்கள் அவர்களுக்குக் கிடைத்தன.

வியாழக்கிழமை பூசையில் தேவாலயம் நிறைந்திருந்தது. கலையகத்திலிருந்து வந்தவர்கள் பின்வரிசையில் இருந்தார்கள். பெட்டியை மூடும் வேளையில் ஆன் உரக்க அழுதாள். பாரிஸிலிருந்து வந்திருந்த மாமி ஒருவர் ஓடிப் போய் அவளைப் பிடித்தார்.

"அழாதை செல்லம். அம்மா எங்கையும் போகேல்லை. வருவா, உன்னட்டை வருவா."

ஆன் நிமிர்ந்து பார்த்தாள். "வரமாட்டா மாமி," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தெரியாத ஒருவருக்குத் தெரியப்படுத்துவது போலச் சொல்லிவிட்டு, மறுபடி அழுதாள்.

மாமி திகைத்துச் சூசையைப் பார்த்தார். சூசை மகளின் முதுகில் கையை வைத்தார். மாமியின் முகம் உடைந்தது. தேவாலய வாங்கில் பிள்ளைக்குப் பக்கத்தில் அமர்ந்து, வந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அவரும் அழுதார். பெட்டியைத் தூக்க வந்தவர்கள் கையை எடுத்துவிட்டு, அவர்கள் இருவரும் முடிக்கும் வரை நின்றார்கள்.

தங்கச்சி மெற்றில்டா, இறந்தவர்களுக்கு எழுதும்போது கடைசி வரியில் போய் வாருங்கள் என்று எழுதுவது எங்கள் வழக்கம். நானும் எத்தனையோ பேருக்கு அப்படி எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எழுதவில்லை. நீங்கள் வரமாட்டீர்கள். அது எங்களுக்குத் தெரியும், உங்கள் மகளுக்கும் தெரியும். போங்கள், தங்கச்சி.